மாத்துர் வீட்டுத் தண்ணீர் மாடம்

தங்கம் பொய் சொல்லுகிறவள் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் போகப் போக உங்களுக்கு அப்படித் தோன்றாது. டெல்லி மயூர் விஹாரில் பக்கத்து வீட்டுக்காரி வந்து இட்லி மாவு இருக்கிறதா என்று கேட்டால், இருந்தால் இருக்கிறது என்பாள். ஒளித்து வைக்கிற ஆள் இல்லை. ஆனால் நாலு பேர் எதிரே உட்கார்ந்து அவள் வாயைப் பார்க்க ஆரம்பித்தால் போச்சு. அப்புறம் அவளை அவளாலேயே பிடிக்க முடியாது. கறிகாய் வாங்கி வந்ததைச் சொன்னால்கூட அதில் ஒரு மழை, ஒரு மாடு, ஒரு அடிதடி எல்லாம் வந்துவிடும்.

"ஏட்டி, நீ கத்தரிக்கா வாங்கப் போனியா, போருக்குப் போனியா?" என்பார் பரமசிவம். அவர் அவள் கணவர். ராணுவ அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது முழுநேரமும் பேப்பருக்குப் பின்னால் குடியிருப்பவர்.

அம்பாசமுத்திரத்திலிருந்து கல்யாணமாகி டெல்லிக்கு வந்தபோது தங்கத்துக்குத் தெரிந்த இந்தி 'பானி' ஒன்றுதான். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் குழாயடியில் நின்று, சண்டை போட்டுப் போட்டே மிச்ச இந்தியையும் கற்றுக்கொண்டாள். தப்புத் தப்பாகப் பேசுவாள், ஆனால் பயம் என்பதே கிடையாது. மகள் சிந்து கல்யாணமாகி பெங்களூருக்குப் போனபின் வீட்டில் பேச ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் காசி, ஹரித்துவார் எல்லாம் முடித்துக்கொண்டு டெல்லியில் வந்திறங்கிய சொந்தக்காரப் பெண்களைச் சுற்றிக்காட்டப் போனாள். செங்கோட்டை வாசலில் அவள் பேசிய பேச்சில் பக்கத்துக் கூட்டமும் வந்து நின்றுவிட்டது. அவர்களை அழைத்து வந்த டூர்க்காரர் சந்திரமௌலி அதைப் பார்த்தார். "அக்கா, இனிமே நம்ம பக்கத்துக் கூட்டம் எது டெல்லிக்கு வந்தாலும் ஞாயித்துக்கிழமை உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கத்துக்கு வேறென்ன வேண்டும்!

மாத்துர் வீட்டை அவளாகத்தான் கண்டுபிடித்தாள். சாந்தினி சௌக்கில் ஜரிகை பார்டர் வாங்கப் போனவள், சுமைவண்டி ஒன்றுக்கு ஒதுங்குவதற்காக ஒரு சந்துக்குள் நுழைந்தாள். வெளியே ஷட்டரும் ஒயருமாகக் கிடக்கிற பழைய டெல்லி அந்தச் சந்தின் கோடியில் நின்றுவிட்டிருந்தது. வரிசையாகச் சில ஹவேலிகள், முற்றம் வைத்த பழங்கால மாளிகைகள், கட்டினவன் விட்டுப்போன மாதிரியே இருந்தன. அதில் ஒரு வாசலில் செங்கல் நிறக் கல்லில் வளைவு, வளைவின் இரண்டு தோளிலும் மயில்கள், ஆணி அடித்த கனத்த கதவு. கதவைத் திறந்தவர் திரிலோக் நாராயண் மாத்துர். வயது எண்பதைத் தாண்டியவர், பரம்பரையாகக் கணக்கெழுதி வந்த காயஸ்த குலத்துக்காரர். வீட்டைப் பார்க்கலாமா என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று ஆயுசு முழுக்கக் காத்திருந்தவரைப் போல அவளை உள்ளே அழைத்தார்.

அந்த வீட்டில் அவர் ஒரு ஆணிகூட அடிக்க விட்டதில்லை. காலண்டரைப் பழைய விளக்குக் கொக்கியில் கயிறு கட்டித்தான் தொங்கவிட வேண்டும். ஏசி வைக்கச் சுவரில் ஓட்டை போட வேண்டும் என்றதால் ஏசியே கிடையாது. ஜூன் மாதத்தில் மருமகள் ஷோபா ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சப்பாத்தி சுடுவாள். அவள் கணவருக்கு லக்னோவில் பாங்கு வேலை. மகன் நிகிலுக்குக் குர்கானில் வேலை. மாமனாரும் மருமகளும் அந்த முற்றத்தைச் சுற்றியே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். கோபித்துக்கொள்வாள், முணுமுணுப்பாள், ஆனால் சுண்ணாம்புச் சுவரை முட்டை ஓடு மாதிரி வழவழவென்று துடைத்து வைத்திருப்பதும் அவள்தான். தங்கம் போன அன்றைக்கே, யார் எவர் என்று கேட்காமல் சர்பத் கொண்டு வந்து கொடுத்தாள்.

சரி, தப்பு நடந்த நாளுக்கு வருவோம்.

அன்றைக்குத் தங்கம் அந்த வீட்டைக் காட்டக் கூட்டி வந்தது திருச்செந்தூர் பக்கத்துப் பெண்களை. ஆக்ராவில் வெயிலில் வெந்து வந்தவர்கள். முற்றத்தில் வடக்குப் பார்த்த சுவரில் வரிசையாக மாடங்கள் இருந்தன. நடுவில் இருந்த மாடத்தின் முன் மாத்துர் சாஹப் நின்றுகொண்டு, கையைச் சுவரில் வைத்தபடி மெதுவாகச் சொன்னார்: "இது தண்ணீர் மாடம். மற்றதைவிட ஆழம் பாருங்கள். வடக்குப் பார்த்த சுவர், வெயில் எந்தக் காலத்திலும் படாது. பின்னால் காற்று போய்வரச் சின்ன வழி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். இங்கே பானை வைத்தால் மே மாதத்திலும் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். கட்டினவனுக்கு வெயிலின் வழி தெரிந்திருக்கிறது."

இதைத் தங்கம் தமிழில் சொல்ல வேண்டும். திரும்பிப் பார்த்தாள். ஒருத்தி கொட்டாவி விட்டாள். இன்னொருத்தி, "யக்கா, கரோல்பாக்குல சேலைக்கடையப் பூட்டிருவானாம்ல?" என்றாள். கிழவர் அவ்வளவு ஆசையாகச் சொல்லிவிட்டு, குழந்தை மாதிரி அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவருக்காகவாவது இவர்களைக் கேட்க வைக்க வேண்டும் என்றுதான் தங்கம் நினைத்தாள். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தாள்.

"எம்மா, சேலை கெடக்கட்டும், இங்கன பாருங்க. இந்த மாடத்துக்கு முன்னாலதான் ஒரு மருமவ தண்ணி கேட்டு நின்னா" என்று ஆரம்பித்தாள்.

ஆரம்பித்தால் நிற்குமா? மருமகளுக்குச் சந்திரா என்று பெயர் வந்தது. பதினாறு வயது வந்தது. மாமியார் வந்தாள், பானையைப் பூட்டி வைத்தாள், சித்திரை வெயில் வந்தது. கண் முன்னால் தண்ணீர் இருக்க, கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டு, அந்த மாடத்தில் தலையைச் சாய்த்தபடியே பிள்ளை போய்விட்டாள். சொல்லி முடித்தபோது தங்கத்தின் கண்ணிலும் தண்ணீர். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். சேலைக்கடை கேட்டவள்தான் எல்லோரையும்விட அதிகமாக அழுதாள்.

மாத்துர் சாஹப் இரண்டு கையையும் கூப்பினார். "பஹன்ஜி, இதையே சொன்னால் என் பேரன் எழுந்து போய்விடுவான். காற்றுக்கு வழி விட்டுக் கட்டியதைக் கேட்டு உங்கள் ஊர்ப் பெண்கள் அழுகிறார்களே! எப்பேர்ப்பட்ட மனசு!" என்றார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். தங்கம் சிரித்து மழுப்பினாள்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வாழ வேண்டிய வயதில் அநியாயமாகச் செத்துப்போன பெண்ணை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். வளையல், மஞ்சள், சேலை வைத்துக் கும்பிட்டு அவள் மனசைக் குளிர வைப்பார்கள். கதை ஊருக்குப் போனது. அடுத்த கூட்டம் வரும்போதே கண்ணாடி வளையலும் மஞ்சளும் கொண்டு வந்தது. மாடத்தில் தண்ணீர் தெளித்து, மஞ்சள் தடவி, வளையலை வைத்தார்கள். போகும்போது ஷோபாவின் கன்னத்தைத் தடவி, 'நீயாவது நல்லா இரு தாயி' என்று கண் கலங்கினார்கள். ஷோபாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் புரிந்ததைப் போலச் சிரித்து, அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பெண்கள் மாதிரி பிரியமா என் சொந்தத்திலயே யாரும் இல்ல, தங்கம்ஜி" என்பாள்.

மாத்துர் சாஹபோ, தெற்கே தண்ணீரைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள் என்று தானே முடிவு கட்டிக்கொண்டார். அக்கம்பக்கத்திலும் சொன்னார். மஞ்சள் கறையைப் போக்க, தன் கையாலேயே மாடத்துக்குள் புதுச் சுண்ணாம்பு பூசி வைப்பார். அங்கேதான் வந்தது வினை. புதுச் சுண்ணாம்பில் மஞ்சள் பட்டால் என்ன ஆகும்? ஆரத்தி கரைக்கத் தெரிந்த எவளுக்கும் தெரியும். மாடம் சிவந்தது. வீட்டில் ஆரத்தி கரைத்துக் கரைத்துக் கை சிவந்தவர்கள்தான் அத்தனை பேரும். ஆனால் அந்த இடத்தில் நின்றபோது ஒருத்திக்கும் அது நினைவு வரவில்லை. "ஐயோ, ரத்தம்! ஆத்தா காட்டுதா!" என்று அலறிக் கும்பிட்டார்கள். தங்கத்துக்குத் தெரியும். சட்டென்று தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. பரமசிவத்திடம் சொன்னாள். பேப்பர் கீழே இறங்கியது. "ஏட்டி, அடுத்தவன் வீட்டு முத்தத்துல நீ சாமி வச்சுக் கோயில் கொடை நடத்துதியா? போய்ச் சொல்லிட்டு வா, போ."

"இந்த வாரம் சொல்லிருதேன்" என்றாள். அந்த வாரம் சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. கிழவர் ஒவ்வொரு ஞாயிறும் ஷேர்வானி போட்டுக்கொண்டு காத்திருக்கிறார், எந்த வாயால் சொல்வது? இப்படி ஒரு சாக்கு. உண்மையில், கேட்கிறவர்கள் அழுகிற அந்த நேரம் அவளுக்கு வேண்டியிருந்தது. அதையும் அவள் அறிவாள். அறிந்துதான் குமைந்தாள்.

பிறகு மயூர் விஹார் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து வந்தார்கள். அவர்களோடு ஸ்ம்ருதி என்ற கல்லூரிப் பெண். டெல்லியில் பிறந்தவள், தமிழ் கேட்டால் புரியும், எழுதப் படிக்க வராது. "ஆன்ட்டி, ஸூப்பர் ஸ்டோரி!" என்று தங்கம் பேசியதைப் போனில் எடுத்து, இந்தியில் தன் குரலைச் சேர்த்து, சிவந்த மாடத்தையும் காட்டி வெளியே விட்டுவிட்டாள். அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்றே நினைத்தாள்.

தமிழில் இருந்தவரை அந்தக் கதைக்குக் கால் இல்லை. இந்தியில் இறங்கியதும் ஓடியது, ஓடி நேராகக் காசியாபாத்துக்குப் போனது.

காசியாபாத்தில்தான் நிகிலுக்குப் பெண் பார்த்து நிச்சயம் செய்திருந்தார்கள். தீபாவளி கழிந்ததும் கல்யாணம். ஒரு நாள் ஷோபா போன் செய்தாள், குரல் உடைந்திருந்தது. "தங்கம்ஜி, எங்க வீட்ல மருமகளைத் தண்ணி குடுக்காம கொன்னாங்களாம். அவ ஆவிக்குத்தான் தெற்கேயிருந்து வந்து பூஜை பண்றாங்களாம். பெண் வீட்டுக்காரங்க பயந்துட்டாங்க, கல்யாணம் வேண்டாங்கறாங்க. வீடியோல உங்க முகம் தெரியுது, ஆனா யாரோ உங்க பேச்சை மாத்திப் போட்டிருக்காங்க. நீங்க என்கூட வந்து, உங்க பெண்கள் தண்ணியைத்தான் கும்பிடறாங்கன்னு உங்க வாயால சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

யாரோ மாற்றிப் போட்டிருக்கிறார்களாம்! இவ்வளவு நடந்தும் ஷோபாவுக்குத் தங்கத்தின் மேல் சந்தேகமே வரவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மெட்ரோவில் காசியாபாத்துக்குப் போகும் வழியெல்லாம் தங்கம் ஒரே கணக்குத்தான் போட்டாள். தண்ணீர்ச்சாமி என்று சொல்லிவிடலாம். அழகாகச் சொல்ல அவளுக்கா வராது? கல்யாணமும் நடக்கும், தன் மானமும் நிற்கும். ஆனால் பெண் வீட்டில் போய் உட்கார்ந்து, பெண்ணின் அம்மா எதிரே வந்து, "சொல்லுங்கள், அங்கே எதைக் கும்பிடுகிறார்கள்?" என்று நேராகக் கேட்டபோது, இன்னொரு கதை நாக்கு நுனிவரை வந்தது; தங்கம் அதை விழுங்கிவிட்டாள்.

"அது நான் கட்டின கதை. அப்படி ஒரு பெண்ணே கிடையாது. அந்த வீட்ல யாரும் சாகல. கேக்கறவங்க கேக்கணும்னு நானே இட்டுக்கட்டிச் சொன்னேன்" என்றாள்.

பக்கத்தில் ஷோபா மூச்சு விடுவது கேட்டது. தங்கம் அவள் பக்கம் திரும்பவில்லை.

"ரத்தம் மாதிரி சிவந்ததே, அது?" என்றாள் பெண்ணின் அம்மா.

தங்கம் எழுந்து, அவர்கள் சமையலறையிலிருந்து மஞ்சள்தூளும், பானுக்கு வைத்திருந்த சுண்ணாம்பும் வாங்கி, எல்லோரும் பார்க்க ஒரு தட்டில் குழைத்தாள். சிவந்தது. "இவ்வளவுதான். எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

பெண்ணின் அம்மா தட்டைப் பார்த்தாள். பிறகு தன் போனை எடுத்து அந்த வீடியோவை ஓடவிட்டாள். தங்கம் அதில் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். "மஞ்சள் சிவக்கிறது, சரி. நீங்கள் ஏன் அழுதீர்கள்?"

"கதை எனக்கே நல்லா வந்துடுச்சு. அதான் அழுதேன்."

இதைவிடப் பெரிய உண்மையைத் தங்கம் தன் வாழ்நாளில் சொன்னதில்லை. பெண் வீட்டாரில் ஒருவர்கூட நம்பவில்லை. பெண்ணின் அம்மா மரியாதையாகவே கை கூப்பினாள். "பஹன்ஜி, அன்றைக்கு அழுதுகொண்டு சொன்னீர்கள். இன்றைக்கு அந்த வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அழாமல் சொல்கிறீர்கள். நானும் பெண்ணைப் பெற்றவள். எதை நம்புவேன், நீங்களே சொல்லுங்கள்."

கல்யாணம் நின்றது.

திரும்பும்போது மெட்ரோவில் ஷோபா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டுவாள், கத்துவாள் என்று தங்கம் காத்துக்கொண்டே வந்தாள். இறங்க வேண்டிய இடம் வரும்போதுதான் ஷோபா வாயைத் திறந்தாள். "உங்க பெண்கள் என் கன்னத்தைத் தொட்டு அழுவாங்களே... அது என் மேல உள்ள பிரியம் இல்லையா?"

"உங்களையும் அந்த வீட்ல அப்படித்தான் வச்சிருக்காங்கன்னு நினைச்சு..." என்று தங்கம் இழுத்தாள். ஷோபா தலையை ஆட்டிக்கொண்டாள்.

மாத்துர் சாஹபிடமும் தங்கமே போய்ச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. மாடத்தின் அருகே போய், சுண்ணாம்பின் மேல் கையை வைத்துக்கொண்டு, "நான் சொன்னதை ஒரு தடவையாவது அப்படியே சொன்னீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லை, சாஹப்."

அவர் படியேறி மாடிக்குப் போய்விட்டார். அந்த ஞாயிறு ஷேர்வானி போடவில்லை. அதற்குப் பின்னும் போடவில்லை.

தங்கம் சந்திரமௌலிக்குப் போன் போட்டு, இனிமேல் கூட்டம் கூட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வீட்டிலேயே அடைந்து கிடந்தாள். பரமசிவம் கேலி செய்யவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. பாவி, ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டேனே என்று அடுப்படியில் நின்றுகொண்டு தனக்குத்தானே புலம்புவாள். அப்படி இருக்கையில்தான் ஷோபா போன் செய்தாள். "ஞாயிற்றுக்கிழமை உங்க பெண்களைக் கூட்டிட்டு வாங்க."

தங்கம் கூட்டிக்கொண்டு போனாள். கோவில்பட்டியிலிருந்து வந்த கூட்டம். வீடியோவை ஊரிலேயே பார்த்துவிட்டு, பையில் வளையலோடு வந்தவர்கள். முற்றத்துக்குள் போனதும் அவர்கள் திகைத்து நின்றார்கள். மாடத்தில் வரிசையாக மண்பானைகள் இருந்தன, வாயில் வெள்ளைத் துணி கட்டி. பக்கத்தில் ஷோபா நல்ல சேலை உடுத்தி, கையில் பித்தளைச் சொம்போடு நின்றாள்.

"நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றாள். தங்கம் தலையசைத்தாள்.

"நான் இந்த வீட்டு மருமகள். என்னை இங்கே யாரும் கஷ்டப்படுத்தவில்லை. இந்த வீட்டில் தாகத்தோடு யாரும் செத்ததில்லை. இது தண்ணீர் வைக்கிற மாடம். வடக்குப் பார்த்த சுவர், வெயில் படாது, பின்னால் காற்றுக்கு வழி இருக்கிறது. குடித்துப் பாருங்கள்."

தங்கம் ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னாள். பிறகு தன் பங்குக்கு, "சந்திரான்னு யாரும் கிடையாதும்மா. நான் சொன்னது பொய்" என்றாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷோபா தன் கையால் ஒவ்வொருத்திக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். வாங்கிக் குடித்தார்கள். குடித்தபின், கூட்டத்தில் மூத்தவளான பாப்பம்மாள் தங்கத்தின் காதருகே வந்து ஏதோ சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டாள். கூட்டம் வாசலுக்கு நகர்ந்தது.

பானைகளுக்குப் பின்னால், யார் எப்போது வைத்தார்களோ, இரண்டு சிவப்புக் கண்ணாடி வளையல்கள் இருந்தன.

"அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று ஷோபா கேட்டாள்.

வேறு ஏதாவது சொல்லிவிடலாம். தண்ணீர் நன்றாக இருந்தது என்றாள் என்று சொன்னால் யார் கண்டார்கள்? தங்கம் தரையைப் பார்த்தபடி அப்படியே சொன்னாள். "பாவம் இந்தப் புள்ள, மிரட்டி இப்படிப் பேச வச்சிருக்காவ. ரெண்டு பேரையுமே மிரட்டி வச்சிருக்காவன்னு சொன்னாங்க."

ஷோபா வளையல்களை எடுத்தாள். ஒன்றைத் தன் கையில் ஏற்றிப் பார்த்தாள். விரல் முட்டியைத் தாண்டவில்லை. பதினாறு வயதுப் பெண்ணின் கைக்கு அளவு பார்த்து வாங்கி வந்திருந்தார்கள். கழற்றி, இரண்டையும் தங்கத்தின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அடுத்த ஞாயிறும் கூட்டிட்டு வாங்க. அதுக்கு அடுத்த ஞாயிறும். அவங்க நம்பற வரைக்கும் இதையே சொல்லுங்க."

சொம்பை மறுபடி பானையில் விட்டு எடுத்து, அவளிடமும் ஒரு தம்ளர் நீட்டினாள். எத்தனையோ ஞாயிறுகள் அந்த மாடத்தின் முன் நின்று ஊரையே அழவைத்த தங்கம், அதிலிருந்து அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தண்ணீர் குடித்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. தண்ணீர் பல் கூசுகிற ஜில்லிப்பு. மாத்துர் சாஹப் சொன்னதில் ஒரு சொல்கூடக் கூடுதல் இல்லை.